மூன்றாம் படி

கொசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் சிரிப்பார், பிறகு கையைச் சொறிந்துகொள்வார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இதற்கு விலக்கில்லை. நீங்களும் இப்போதுதான் சொறிந்தீர்கள். இந்த அறையில் கொசு கிடையாது. ஜன்னல் வலை புதிதாக இருக்கிறது, உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன்.

வக்கீல் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவர் வந்தால் நடுநடுவே என் முழங்கையைத் தொடுவார், எனக்குப் பேச்சு தடுமாறும். எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பெயர் எல்டன் ரூக்ஸ். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கொசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பதிவேடுகளும் அவசரத் திட்டமும் என் பொறுப்பு. கீழே கடற்கரைப் பக்கம் இருக்கிற பணக்கார ஃப்ளோரிடாவில் கொசு ஒழிக்கச் சொந்தமாக ஹெலிகாப்டர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அலபாமா எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்களுக்குக் கொசுமருந்து அடிக்கிற மூன்று புகை வண்டிகள். அதில் ஒன்று பின்னால் போகாது. அதை எடுத்துக்கொண்டு போனால் தெருவை முழுதாகச் சுற்றித்தான் திரும்பி வர வேண்டும். டெல்மர் அதில் போவதையே விரும்புவான். "வாழ்க்கையில பின்னாடி பாக்காத வண்டிய்யா இது" என்பான்.

டெல்மரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

அவசரத் திட்டம் என்று ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். பெரும்பாலும் பக்கத்துக் கவுண்டியின் நாலு பக்கத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றியிருப்பார்கள். ஓரிடத்தில் மாற்ற மறந்தும் இருப்பார்கள். என்னுடையது அப்படியில்லை. மருந்து தெளிக்கும் முன் எந்தத் தேனீக்காரரை யார் கூப்பிடுவது, கூடுகளை மூட அவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, பள்ளிக்கூட மைதானத்தின் விளக்கை அணைக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, காது கேட்காத வில்காக்ஸ் தம்பதியின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லப்போவது யார், அவர்கள் நாய் கடிக்குமா என்பதுவரை அதில் இருந்தது. பல வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்தில் அதை எல்டனின் வேதப்புத்தகம் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் பயப்பட வேண்டியது ஒரே ஒரு நோய்க்கு. குதிரைக் காய்ச்சல் என்று சொல்வோம். சதுப்புநிலப் பறவைகளின் உடம்பில் இருக்கும், கொசு மூலம் குதிரைக்கும் மனிதனுக்கும் வரும், நேரே மூளைக்குப் போகும். மனிதர்களுக்கு வருவது அபூர்வம். வந்தவர்களில் மூன்றில் ஒருவர் போய்விடுவார், மற்ற இருவரும் பழைய ஆளாகத் திரும்ப மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் காவல் கோழிகள். சதுப்பு ஓரங்களில் சிலருடைய கொல்லையில் ஆறு ஆறு கோழியாகக் கூண்டில் வைத்திருக்கிறோம். கடிக்கிற கொசு கோழியையும் கடிக்கும். கோழிக்கு ஒன்றும் ஆகாது, தின்றுகொண்டு முட்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கும், ஆனால் அதன் இரத்தத்தில் காய்ச்சல் வந்துபோன தடம் தெரியும். வாராவாரம் திங்கட்கிழமை நான் போய் இறக்கை நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மாநில ஆய்வகத்துக்கு அனுப்புவேன். கொல்லைக்காரர்களுக்கு வாடகை கிடையாது. முட்டை அவர்களுக்கு.

திட்டத்தில் மூன்று படிகள். கோழி இரத்தத்தில் தடம் உறுதியானால் முதல் படி: வானொலியில் எச்சரிக்கை, புகை வண்டி, எங்கள் ஆட்கள் எல்லாரும் முழுக்கைச் சட்டை. பல கூண்டுகளிலோ குதிரையிலோ தெரிந்தால் இரண்டாம் படி: மருந்து தெளிக்க விமானம். மனிதர் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் மூன்றாம் படி. அதற்கு மேல் படி இல்லை.

ஒவ்வொரு கோடையும் முதல் படியிலேயே முடிந்துவிடும். கோழியில் தெரியும், வண்டிகள் போகும், ஜனங்கள் நாலு நாள் முழுக்கை போடுவார்கள், முடிந்தது. திட்டம் வேலை செய்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். எங்களுக்கு மேலே இருந்த குழு வேறு மாதிரி நினைத்தது.

இந்த மார்ச் மாதக் கூட்டத்தில் குழுவில் இருக்கும் வெர்னன் ஹேட்ச் என்னைப் பார்த்துக் கேட்டார். ஏரிக்கரை மனை விற்கிறவர். கொசு என்ற வார்த்தையே அவர் வியாபாரத்துக்கு ஆகாது.

"எல்டன், கோவிச்சுக்காத. உன் புஸ்தகத்துல எழுதினது எதாச்சும் இதுவரைக்கும் நடந்திருக்கா?"

நடக்கவில்லை, நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அது இருக்கிறது என்றேன்.

"எங்க வீட்டு மேல இதுவரைக்கும் ரயிலு ஏறினதில்ல. அதுக்காக நான் புஸ்தகமா எழுதிட்டிருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் இயக்குநர் கார்லா பெவிஸும் சிரித்தாள். நல்ல பெண், ஆனால் அடுத்த வருடம் அவள் பதவியை நீட்டிக்க வேண்டியது அந்தக் குழுதான். பிறகு விமானத்தை இரண்டாம் படியிலிருந்து எடுத்து மூன்றாம் படியில் போட்டார்கள். "கோழி படுத்ததுக்கெல்லாம் பிளேன் கேட்டா எப்பிடி? மனுஷன் எவனாச்சும் படுக்கட்டும், அப்ப பாப்போம்" என்றார் வெர்னன். கோழி படுக்காது என்று திருத்தப் பார்த்தேன். அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் விழுந்தால்தான் விமானம் வரும் என்பது நான் எழுதிய விதி இல்லை.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். அவமானம். ஒருவன் இத்தனை வருடம் ஒரு ஊரைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தால், ஊருக்கு ஆபத்தே இல்லை என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்? இப்படியே போனால் அடுத்த வருடம் கோழிகளையும் விற்றுவிடுவார்கள். அதற்கடுத்த வருடம் நிஜமான ஆபத்து வரும், அப்போது தடுக்க ஒன்றும் இருக்காது, பத்துப் பேர் சாவார்கள். இது என் கற்பனை இல்லை, மற்ற ஊர்களில் இப்படித்தான் ஆனது. அந்தப் பத்துப் பேரைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யோசித்தது நான் ஒருவன்தான்.

ஜூன் கடைசியில் நல்ல மழை. சைப்ரஸ் மரங்களின் வேர்ப் பள்ளங்களில் கறுப்புத் தண்ணீர் நின்றுவிட்டது. ஆய்வகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. பெய்ட்டன் சதுப்புக் கூண்டில் நீல வளையம் போட்ட கோழியில் தடம் இருக்கிறது என்றார்கள்.

அந்தக் கூண்டு மிஸ் ஓபல் க்ரூஸின் கொல்லையில் இருக்கிறது. தனியாக இருக்கும் கிழவி, வாய் கொஞ்சம் நீளம். சர்ச்சில் தனக்கு ஆகாத பெண்களின் பெயரைத்தான் கோழிகளுக்கு வைத்திருந்தார். நீல வளையத்துக்கு எர்னஸ்டீன் என்று பெயர். அந்தப் பெயருள்ள நிஜப் பெண்மணிக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

திட்டத்தில் ஒரு விதி உண்டு: முதல் தடவை தடம் தெரிந்தால் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஆய்வகமும் தப்புச் செய்யும் அல்லவா. நியாயமான விதி, நான் எழுதியது. கூண்டுக் கோழிகளுக்கு மாற்றாக அலுவலகத்தின் பின்னறையில் வலைக்குள் சில இளங்கோழிகளை வளர்க்கிறோம். ஒரு கொசுகூட அவற்றைத் தொட்டிருக்காது. மறுபரிசோதனைக்கு நான் அவற்றில் ஒன்றின் இரத்தத்தை அனுப்பினேன். தடம் இல்லை என்று வந்தது.

சோதனைக் குழாயின்மேல் பெய்ட்டன் கூண்டு என்று எழுதியிருந்தேனே, அது பொய் இல்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். அந்த இளங்கோழி பெய்ட்டன் கூண்டுக்கு என்று வாங்கியதுதான். என் பதிவேடுகளில் பொய்யான வரி ஒன்றும் கிடையாது. எடுத்துப் பாருங்கள்.

கார்லா கதவில் தலையை நீட்டிக் கேட்டாள். "மறுபடி பாத்தது என்ன ஆச்சு எல்டன்?"

தடம் இல்லை என்றேன்.

"அப்பாடி. ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்கு ஏரியில வாணவேடிக்கை. சாயங்காலம் யாரும் வெளிய வராதீங்கன்னு சொன்னேன்னு வையுங்க, என்ன உயிரோட தின்னுருவானுங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு இதில் பங்கில்லை, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் பெய்ட்டன் கூண்டுக்கான இரத்தத்தைப் பின்னறையிலேயே எடுத்துக்கொண்டேன். கூண்டு வரைக்கும் போவேன், தீனி போடுவேன், திரும்பி வருவேன். என் எண்ணம் இரண்டாம் படிதான். காய்ச்சல் கொஞ்சம் பரவட்டும், வேறு கூண்டுகளில் தெரியட்டும், அப்போது குழு பயந்துபோய் விமானத்தைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்கும் என்று நினைத்தேன். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் உண்மை.

இப்போது டெல்மர் சக்ஸ்.

புகை வண்டி ஓட்டுகிறவன், நாற்பத்தி மூன்று வயது. எங்கள் கவுண்டியில் அவனைத் தெரியாத ஆள் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் மாதம் ஒரு தடவை மீன் வறுத்து விற்பார்கள், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது அவன்தான். பெண் குழந்தைகளுக்குச் சாஃப்ட்பால் ஆட்டம் சொல்லிக் கொடுப்பான். எவன் வீட்டுக் கூரையிலாவது ஓட்டை விழுந்தால் ஏணியோடு வந்து நிற்பான். மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவன் மனைவி ரோண்டா எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவாள். சென்ற கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள். அதில் ஒரு கால் பெரிதாக இருந்தது.

கைக்கணக்கு என்று ஒரு வேலை உண்டு. பொழுது சாயும் நேரத்தில் சதுப்பு ஓரத்தில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். வந்து உட்காரும் கொசுக்களை எண்ண வேண்டும். பொறிகளைவிட மனிதக் கைதான் சரியான கணக்குத் தரும். காய்ச்சல் இருப்பது உறுதியானால் அன்றோடு கைக்கணக்கு நிறுத்தம். அதுவும் நான் எழுதிய விதிதான். உறுதியாகவில்லை, அதனால் நிறுத்தவில்லை.

முன்பெல்லாம் மூன்று பேர் முறைபோட்டுப் போவார்கள். ஜூலையில் அதை மாற்றி டெல்மர் மட்டும் போகட்டும் என்று வைத்தேன். காரணம் உண்டு. ஆளுக்கு ஆள் கொசு வருவது வித்தியாசப்படும், ஒரே கையாக இருந்தால்தான் இந்த வாரத்தையும் போன வாரத்தையும் ஒப்பிட முடியும். துறையில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

அவன் ஒரு நாள் என் மேசையில் உட்கார்ந்து கேட்டான். "யோவ் எல்டன், அந்த எர்னஸ்டீன் விஷயம் என்ன ஆச்சு? கைய மூடிக்கவா, தொறந்து வைக்கவா?"

உறுதியாகவில்லை, மூடினால் கணக்கு கெட்டுப்போகும் என்றேன்.

"சரி, நீ சொன்னா சரி. எம் ரத்தம் குடிச்ச கொசு நேரா பறக்குமான்னுதான் சந்தேகமா இருக்கு. நேத்து நாலு பீரு."

நீ சொன்னால் சரி என்றான். அவன் என்னிடம் வேறு மாதிரி பேசியதே இல்லை.

ஏன் அவன் என்று கேட்கிறீர்கள். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பக்கத்துக் கவுண்டியில் தக்காளித் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒரு ஆள் இதே காய்ச்சலில் போனான். பத்திரிகையில் இரண்டு வரி. அவன் பெயரைத் தப்பாகப் போட்டார்கள். யாரும் முழுக்கை போடவில்லை. வயதானவர் செத்தால் வயதாகிவிட்டது என்பார்கள். ஊர் பயப்பட வேண்டுமானால் ஊருக்குத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். திட்டம் எழுதுகிறவன் இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

ஜூலை நடுவில் பெய்ட்டன் பக்கம் ஒருவர் தன் குதிரை வட்டம் வட்டமாகச் சுற்றி விழுந்து செத்தது என்று கூப்பிட்டார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, மாதக் கடைசியில் பார்க்க வேண்டிய கால்நடைப் புகார்களில் சேர்த்தேன். புகார்களை மாதக் கடைசியில் பார்ப்பதுதான் வழக்கம். அந்த ஒரு குதிரையே இரண்டாம் படி, அதற்கு வேறு கூண்டு வேண்டாம், அதுதானே நீங்கள் சொல்ல வருவது? ஆமாம். ஆனால் இரண்டாம் படியில் இப்போது விமானம் இல்லையே. அங்கே ஏறி என்ன பயன்?

மிஸ் ஓபலுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. அவித்த வேர்க்கடலை ஒரு பை கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஏங் கண்ணு, முன்னல்லாம் எர்னஸ்டீனப் புடிக்கப் போனா கொல்லையே ரெண்டாகும். இப்ப மூணு வாரமா அவளத் தொடவே இல்லியே நீ?"

முட்டை போடுகிற கோழியை மிரட்ட வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றேன்.

"அடேங்கப்பா, ரொம்பத்தான் கரிசனம்." பிறகு சதுப்புப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தச் சக்ஸ் பய தெனமும் அங்க கைய விரிச்சிக்கிட்டு நிக்கிறான், ஏசுநாதராட்டம். எங்கோழிக்கு இருக்கிற கரிசனம் அவனுக்குக் கெடையாதா?"

நான் சிரித்தேன். கடலையை வண்டியில் வைத்துத் தின்றுகொண்டே வந்தேன். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

எனக்கு மனசாட்சி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அவன் கை முழுக்கத் தடித்துப்போயிருந்தது, பார்க்கச் சங்கடமாக இருக்கும். நான்தான் கடையில் கலமைன் மருந்து வாங்கித் தடவக் கொடுத்தேன். ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் அவனை நிறுத்திவிடுவது என்றே புறப்பட்டுப் போனேன். சதுப்பு ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். நான் காரிலிருந்து இறங்கியதும், "வந்துட்டியா, பாரு, இன்னிக்குத் திருவிழா" என்று கையைக் காட்டினான். கை கறுப்பாக இருந்தது. அசையாமல் நிற்க வேண்டும் என்பதால் அவன் கண்ணை மட்டும் உருட்டிச் சிரித்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பான். அவன் கேட்காவிட்டாலும் ரோண்டா கேட்பாள். அவன் எண்ணிச் சொன்ன தொகையை வாங்கி எழுதிக்கொண்டேன். அவ்வளவு பெரிய தொகை எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் பதிவானதில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவனுக்குத் தலைவலி. வெயிலாக இருக்கும் என்று அவனே சொன்னான். நானும் ஆமாம் என்றேன், மாத்திரை கொடுத்தேன். சனிக்கிழமை ரோண்டா கூப்பிட்டாள். காலையில் காப்பிக் கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லையாம், அவளைப் பார்த்து யார் என்று கேட்டானாம்.

மருத்துவமனைக்குப் போனேன். உடம்பெல்லாம் குழாய். தடித்த கையைப் போர்வைக்கு வெளியே வைத்திருந்தார்கள். ரோண்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்டன், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஏதாச்சும் தெரிஞ்சுதா முன்னாடி? கோழியில, எதிலயாச்சும்? அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முழுக்கை போட்டிருப்பாரே. நீங்க சொன்னா கேப்பாரே."

பதிவேட்டில் ஒன்றும் இல்லை ரோண்டா என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் குதிரைக் காய்ச்சல்தான் என்று உறுதியானது. மூன்றாம் படி.

அன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேனீக்காரர்கள் எல்லாருக்கும் அழைப்பு போனது, கூடுகள் மூடப்பட்டன. மைதானத்தின் சாவி சொன்ன ஆளிடம் சொன்ன இடத்தில் இருந்தது. கால்பந்துப் பயிற்சியைக் காலைக்கு மாற்றினார்கள், ஒரு அப்பாகூடச் சண்டைக்கு வரவில்லை, ஏனென்றால் விழுந்தது டெல்மர். வில்காக்ஸ் வீட்டுக்கு ஆள் நேரில் போனான், நாய் கடிக்கவில்லை. பொழுது சாயும்போது விமானம் சதுப்பின் மேல் தாழ்வாக வந்தது. ஊரே வாசல் வலைக்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. வெர்னன் ஹேட்ச் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்னப் பாத்துச் சிரிச்சதுக்கு மன்னிச்சிருய்யா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த கூட்டத்தில் விமானத்தை இரண்டாம் படிக்கே மாற்றினார்கள். மூன்று கவுண்டிகள் என் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கின.

டெல்மர் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டான். சவப்பெட்டி தூக்குகிறவர்களில் நானும் இருக்க வேண்டும் என்று ரோண்டா கேட்டாள். தூக்கினேன். அவன் கனமான ஆள்.

அதற்குப் பிறகு எங்கள் கவுண்டியில் இன்னொருவருக்கு அந்தக் காய்ச்சல் வரவில்லை. ஒருவருக்குக்கூட. இனிமேல் வருடாவருடம் கோழிக்கே விமானம் வரும். பத்துப் பேருக்குப் பதில் ஒருவன். கணக்காகச் சொன்னால் கல்நெஞ்சன் என்பீர்கள், ஆனால் உங்கள் வேலையிலும் இப்படிக் கணக்குப் போடாமல் இருக்க மாட்டீர்கள்.

சரி, நீங்கள் கேட்டபடியே சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கோழி இரத்தத்தை மாற்றியது நான். பெய்ட்டன் சதுப்பில் காய்ச்சல் இருப்பது தெரிந்தே டெல்மர் சக்ஸை அங்கே திறந்த கையோடு நிற்க வைத்தது நான். அவன் சாகட்டும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டாம் படியோடு நின்றுவிடும் என்றுதான் கடைசிவரை நம்பினேன்.

விமானி ஸ்டோக்ஸ் சொன்னதை நீங்கள் முன்னால் வைக்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான், அவர் நேர்மையான ஆள். மூன்றாம் படி என்று சொல்லி, மருந்தை ஏற்றிக்கொண்டு அடுத்த வாரத்துக்குள் வந்து நிற்கும்படி நான் அவரைக் கூப்பிட்டது, காய்ச்சல் உறுதியானதற்கு ஒரு வாரம் முன்னால், முந்தின செவ்வாய்க்கிழமை. அன்று டெல்மருக்குத் தலைவலிகூட இல்லை, மதியம் என்னோடு உட்கார்ந்து ரோண்டாவின் கோழி வறுவல் சாப்பிட்டான். ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விமானம் கூப்பிட்டதும் வந்து இறங்குகிற பொருள் இல்லை. ஸ்டோக்ஸ் லூசியானாவில் நெல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார், அந்த வேலையை முடிக்க வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், எங்கள் மருந்து வேறு. டெல்மர் விழட்டும் என்று காத்திருந்து கூப்பிட்டிருந்தால் இன்னும் நாலு நாள் வீணாகியிருக்கும். அந்த நாலு நாளில் யாராவது செத்துப்போயிருக்கலாம்.